முன்பணமும் மூட்டை முடிச்சும்



"எங்கள் தாத்தா கங்காணியோடு வந்தவர்" என்ற பேச்சைச் சிகாமட், லாபிஸ், பூலோ காசாப் வட்டாரத்து வீடுகளில் நாம் கேட்டு வளர்ந்திருக்கிறோம். அவர் ஏன் வந்தார், வந்தவர் ஏன் ஊர் திரும்பவில்லை என்று கேட்டால் பெரியவர்கள் பலர் பெருமூச்சோடு நிறுத்திவிடுவார்கள். அந்தப் பெருமூச்சின் பொருளை விளக்கும் ஒரு நாவலைப் பற்றி இன்று பேசுவோம்.

நாவலின் பெயர் 'எரியும் பனிக்காடு'. இதை எழுதிய பி. எச். டேனியல், ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்தவர். தொழிற்சங்கப் பணியும் செய்தவர். 1969-இல் ஆங்கிலத்தில் வெளிவந்த இந்நூலை, இரா. முருகவேள் 2007-இல் தமிழாக்கினார். 2013-இல் வந்த 'பரதேசி' என்ற திரைப்படம் இதைத் தழுவியதே.

கதை 1920-களில் நடக்கிறது. திருநெல்வேலிச் சீமையில் ஒரு கிராமம். வேலை இல்லை, அடுப்பு எரியவில்லை. கருப்பனும் அவன் மனைவி வள்ளியும் பசியோடு இருக்கும் வேளையில் ஒரு மேஸ்திரி வருகிறார். மலையில் நல்ல கூலி என்கிறார். கையில் முன்பணமும் கொடுக்கிறார். இருவரும் மூட்டை கட்டுகிறார்கள்.

மலையில் அவர்களுக்குக் கிடைத்தவை குளிரும் அட்டைக்கடியும் காய்ச்சலும். எப்படியும் கணக்குத் தீர்க்கும் நாள் வரும், ஊருக்குப் போய்விடலாம் என்று பொறுத்திருக்கிறார்கள். அந்த நாளும் வருகிறது. அரிசிக்கு இவ்வளவு, கம்பளிக்கு இவ்வளவு என்று கழித்த பிறகு கடன்தான் மிஞ்சுகிறது. ஏட்டில் எழுதியிருப்பதை வாசிக்கத் தெரியாதவன் எதைச் சொல்லி வழக்காடுவான்? இன்னும் ஓராண்டு உழைக்க வேண்டியதுதான்.

நம் மலாயாவின் வழி சற்று வேறு. இங்கே 1907-இல் தொடங்கப்பட்ட குடியேற்ற நிதி கப்பல் செலவை ஏற்றுக்கொண்டது. ஆனாலும், ஆள் சேர்த்த கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. ஆட்கள் வேலைக்கு இறங்கினால்தான் அந்தக் காசு. ஆகவே ஆளைத் தோட்டத்திலேயே நிறுத்தி வைப்பது அவருக்கு லாபம். கடைக் கடனும் கள்ளுக்கடையும் அதற்குத் துணை நின்றன.

1930-இல் ரப்பர் விலை சரிந்தபோது, இதே முதலாளிகள் ஆட்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். மூன்று ஆண்டுகளில் அப்படிப் போன இந்தியத் தொழிலாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். பஞ்சத்துக்குத் தப்பி வந்தவர்கள், வெறுங்கையோடு அதே பஞ்சத்துக்குத் திரும்பினார்கள். 1938-இல் இந்திய அரசு தோட்டங்களுக்கு ஆள் அனுப்புவதைத் தடை செய்தது. கங்காணி முறை அத்தோடு முடிந்தது.

முறை முடிந்தது, முன்பணம் முடிந்ததா? இன்று செம்பனைக் காடுகளில் வேலை செய்யும் வங்காளதேசத்து, நேபாளத்துத் தொழிலாளர்களில் பலர், ஏஜெண்டுக்குக் கொடுக்க நிலத்தை விற்றோ கடன் வாங்கியோ வந்தவர்கள். அவர்களை 'அந்நியர்' என்று நாம் முகம் சுளிக்கும்போது, கருப்பனையும் வள்ளியையும் ஒரு கணம் நினைத்துப் பார்க்க வேண்டாமா? நம் பாட்டனும் இப்படித்தானே வந்து இறங்கினார்!

தாய்மார்களே, இளைஞர்களே, இந்த நாவலை வாங்கி வீட்டில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேளுங்கள். வாசிக்கும்போது பெரியவர்களையும் அருகில் உட்கார வையுங்கள். கதை அவர்கள் வாயைத் திறக்கும். அவர்கள் சொல்லும் ஊர்ப் பெயர், கப்பல் பெயர், தோட்டத்துப் பெயர் ஆகியவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வையுங்கள்.

இன்னொன்றும் செய்வோம். மாதச் சம்பளச் சீட்டு வந்ததும் அதை மடித்து வைத்துவிடாமல், பள்ளிக்குப் போகும் பிள்ளையிடம் கொடுத்து வரி வரியாக வாசிக்கச் சொல்வோம். சேமநிதிக்கு எவ்வளவு, சொக்சோவுக்கு எவ்வளவு, வேறு பிடித்தம் எதற்கு என்று கேட்டுத் தெரிந்துகொள்வோம். தவணைக்குப் பொருள் எடுக்கும்போதும், வட்டிக்குக் கைநீட்டும்போதும், எழுதியிருப்பதை வாசித்த பிறகே கையெழுத்திடுவோம். கருப்பனுக்குக் கிடைக்காத எழுத்தறிவு நமக்குக் கிடைத்திருக்கிறது. அதை முதலில் நம் வீட்டுக் கணக்கில் பயன்படுத்துவோம்.