அம்மாச்சியின் அடுப்படி

இலங்கையில் ஏ-9 வீதியால் வடக்கே போகிறவர்களுக்கு ‘அம்மாச்சி’ உணவகத்தைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. கல்லில் தோசை வேகும், தாச்சியில் வடை பொரியும், பக்கத்தில் குரக்கன் புட்டு ஆவி பறக்கும். எல்லாம் கண்முன்னேதான்.

2013இல் தெரிவான வடக்கு மாகாண சபையின் விவசாய அமைச்சு தொடக்கிவைத்த திட்டம் இது. தெற்கின் ‘ஹெல பொஜுன்’ உணவகங்களே முன்மாதிரி. கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவு என்று பரவியது. 2009இல் போர் முடிந்தபோது இந்த வன்னிப் பகுதியில் பல குடும்பங்களின் சுமை பெண்களின் தலையில்தான் இருந்தது.

அவர்கள் தனியே கடை போட முதல் வேண்டும், இடம் வேண்டும். இங்கே கட்டடம் பொதுவில் கிடைக்கிறது. சமையலும் விற்பனையும் பெண்கள் கையில். வருமானமும் அவர்களுக்கே. கடனைக் கொடுத்துவிட்டு வட்டிக்கு வாசலில் வந்து நிற்கும் உதவியைவிட இது எவ்வளவோ மேல்.

விலையும் கையைக் கடிக்காது. மதியத்துக்குப் பிந்திப் போனால் வடை கிடைப்பது சந்தேகம்!