இரண்டு பிரசிடெண்டுகள், இரண்டு காதுகள்

(ஸ்ரீபெரும்புதூரில் தொழிலாளர்களும் மாணவர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



'தொலைக்காட்சியும் அதிகாரமும்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்காங்க. நான் ஊடக ஆய்வாளன் இல்லை. ஒரகடம் பக்கம் ஒரு வங்கியில் கிளார்க். கொஞ்சம் கவிதை எழுதுகிறவன். அதனால் என் கவுண்டரிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

2024 ஜூலை 15, திங்கட்கிழமை. எங்கள் கிளையில் காத்திருப்பவர்களுக்காக ஒரு டிவி மாட்டியிருக்கு. அதில் டிரம்ப். இரண்டு நாள் முன்பு, 13ஆம் தேதி, அமெரிக்காவில் பட்லர் என்ற ஊரில் பிரச்சாரக் கூட்டத்தில் அவரைச் சுட்டாங்க. காதில் காயம். கன்னத்தில் ரத்தம், உயர்த்திய முஷ்டி, பின்னால் கொடி. அந்த ஒரே காட்சி திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. அப்போது அவர் முன்னாள் பிரசிடெண்ட், வேட்பாளர். அந்த நவம்பரில் மறுபடியும் ஜெயிச்சார்.

வரிசையில் ஒரு ஒப்பந்தத் தொழிலாளி, இருபத்திரண்டு வயசு இருக்கும். பணம் எடுக்கும் சீட்டை நீட்டினார். பார்த்தேன், கையெழுத்து ஒத்துவரலை. "கையெழுத்து சரியில்லையே" என்றேன். அவர் வலது கையைத் தூக்கிக் காட்டினார். மணிக்கட்டு வரைக்கும் கட்டு. பிரஸ் மிஷினில் மாட்டி மூணு விரல் போச்சு, சார். பெருவிரல் ரேகை வைக்கலாமென்றால் அதுவும் கட்டுக்குள்ளே. இடது பெருவிரலை வைக்கச் சொல்லி, சாட்சிக் கையெழுத்து வாங்கி, பணத்தைக் கொடுத்தேன். "என்னாச்சு தம்பி?" என்று நான் முதலில் கேட்கவில்லை என்பது அவர் போன பிறகுதான் உறைத்தது. வரிசை முழுக்க டிவியில் இருந்த காதைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிழைத்த ஆட்சியாளரைத் தொலைக்காட்சி எப்படிக் கட்டமைக்கிறது? முதலில், அவர் உயிரோடு இருக்கிறார் என்பதையே மணிக்கு மணி செய்தியாக்குகிறது. அடுத்து, அவர் உடம்பின் காயத்தைத் தேசத்தின் காயமாக மாற்றுகிறது. அந்த வாரமே மில்வாக்கியில் நடந்த கட்சி மாநாட்டுக்கு அவர் காதில் வெள்ளைக் கட்டோடு வந்தார். காயமே படாத காதில் கட்டு ஒட்டிக்கொண்டு ஆதரவாளர்கள் சிலரும் வந்தாங்க. கடைசியாக, கூடச் செத்தவர்களை 'மற்றும்' என்ற சொல்லுக்குள் தள்ளிவிடுகிறது. பட்லரில் குடும்பத்தைக் காப்பாற்றக் குறுக்கே பாய்ந்து செத்தவர் கோரி கம்பரட்டோர் என்ற முன்னாள் தீயணைப்பு வீரர். அவருடைய உடுப்பு மாநாட்டு மேடையில் வைக்கப்பட்டது. அங்கேயும் மையம் மேடையில் நின்றவர்தான்.

இது அமெரிக்காவுக்கு மட்டும் உரியதல்ல. 1999 டிசம்பர் 18, கொழும்பு நகர மண்டபம். தேர்தல் கூட்டத்தில் தற்கொலைக் குண்டு வெடித்தது. சந்திரிகா குமாரதுங்க பிழைத்தார், வலது கண்ணில் பார்வை போனது. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். 21ஆம் தேதி தேர்தல். ஜெயித்து, மறுநாள் கண்ணில் கட்டோடு பதவியேற்றார். உலகம் முழுக்க அந்தக் கட்டைப் பார்த்தது. செத்தவர்களில் ஒருவரின் முகம் உங்களுக்கு நினைவிருக்கா? அடுத்த மாதம் கொழும்பில் தமிழர் வீடுகளில் புகுந்து சோதனை போட்டு, ஆட்களைக் கூட்டம் கூட்டமாகப் பிடித்துக்கொண்டு போனார்களே, அந்த முகங்கள்? கொலையை நான் நியாயப்படுத்தவில்லை. காமிரா எங்கே நிற்கிறது என்று மட்டும்தான் கேட்கிறேன்.

நாம் கூடியிருக்கும் இந்த ஊரையே எடுத்துக்குங்க. 1991 மே 21 இரவு. அன்றைக்கு ராஜீவ் காந்தி பிழைக்கவில்லை. அவரோடு செத்தவர்கள் 14 பேர். போலீஸ்காரர்கள், கட்சிக்காரர்கள். அவருக்குக் கவிதை வாசித்துக் காட்ட வந்த ஒரு சிறுமியும் அதில் உண்டு. எனக்கு அப்போது விவரம் தெரியாத வயசு. கவிதை எழுதுகிறவன் என்பதால் அந்தச் சிறுமியை மட்டும் மறக்க முடியவில்லை.

இப்போது நம்ம ஊர் பிரசிடெண்டுக்கு வருகிறேன். கிராமத்தில் பிரசிடெண்ட் என்றால் ஊராட்சி மன்றத் தலைவர்.  மேலவளவு முருகேசனும் பிரசிடெண்ட்தான். 1997 ஜூன் 30 அன்று பஸ்ஸை மறித்து வெட்டினாங்க. அவர் பிழைக்கவில்லை.

பிழைத்த பிரசிடெண்ட் ஒருவர் உண்டு. திருநெல்வேலி மாவட்டம் தாழையூத்து ஊராட்சித் தலைவர் கிருஷ்ணவேணி. அருந்ததியர் பெண். பெண்களுக்குக் கழிப்பிடம் கட்ட முயன்றார். 2011 ஜூன் 13 இரவு, ஆட்டோவில் வீடு திரும்பும்போது அரிவாளால் வெட்டினார்கள். உடம்பெங்கும் வெட்டு. காது அறுந்துபோனது.

தோழர்களே, இங்கேயும் ஒரு காது. இவரும் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த பிரசிடெண்ட். எத்தனை பேர் அந்தக் காதுக்காகக் கட்டு ஒட்டிக்கொண்டோம்? எந்தச் சேனல் மணிக்கு மணி மருத்துவ அறிக்கை வாசித்தது? ஆறு பேருக்கு ஆயுள் தண்டனை கிடைக்க 2024 வரை ஆனது. பதின்மூன்று வருஷம். டிரம்பின் காதை உங்களில் எல்லோரும் பார்த்திருக்கீங்க. கிருஷ்ணவேணியின் பெயரை இன்றைக்குத்தான் முதல்முறை கேட்கிறவர்கள் கை தூக்குங்க.

(பெரும்பாலோர் கை உயர்த்துகிறார்கள்.)

வெட்கப்பட வேண்டாம். இது உங்கள் மறதி இல்லை. உங்களுக்குக் காட்டப்படவில்லை. சாதிச் சமூகத்தில் யாருடைய ரத்தம் வரலாறு, யாருடைய ரத்தம் உள்ளூர்த் தகராறு என்று முன்கூட்டியே பிரித்து வைத்திருக்கிறது. தொலைக்காட்சி அந்தப் பிரிவினையை வண்ணத்தில் காட்டுகிறது, அவ்வளவுதான்.

இந்தச் சாலை அதற்கு ஒரு பதிலும் சொல்லியிருக்கு. 2021 டிசம்பர் 17. விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை பார்த்த பெண்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சிலர் செத்துவிட்டதாகப் பேச்சு. கூட வேலை செய்த பெண்கள் பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். விடிய விடிய உட்கார்ந்தார்கள். அவர்கள் கேட்டது என்ன? எங்க பொண்ணுங்க உயிரோடு இருக்காங்களா, சொல்லுங்க. ஒரு பிரசிடெண்டுக்குக் கேட்காமலே கிடைக்கும் செய்தி அது. நம் பெண்கள் நெடுஞ்சாலையை மறித்துத்தான் அதை வாங்க வேண்டியிருந்தது. அவர்கள் உயிரோடு இருந்தார்கள் என்பது நமக்குத் தெரியவந்தது அந்த மறியலால்தான்.

ஆகவே காமிரா வரும் என்று காத்திருக்க வேண்டாம். கையில் போன் இருக்கு, பத்திரிகை இருக்கு, சங்கம் இருக்கு. அடிபட்டவரின் பெயர், ஊர், மிஷின், தேதி எல்லாவற்றையும் எழுதி வையுங்க. அவர் சம்மதித்தால் வெளியிடுங்க. அதற்கு முன்னால், என்னைப் போல் இல்லாமல், "என்னாச்சு?" என்று கேளுங்க.

அந்தத் தம்பி மூணு மாசம் கழித்து வந்தார். இடது கையால் எழுதப் பழகியிருந்தார். புது மாதிரிக் கையெழுத்து வாங்கினேன். எழுத்து கோணலாகத்தான் இருந்தது. பதிவு செய்துவிட்டேன். எங்கள் வங்கியில் இப்போ அதுதான் அவருடைய சரியான கையெழுத்து.