மௌனம் சம்மதமாகுமா?



கணினியில் புதிய மென்பொருளொன்றை நிறுவும்போது சில கட்டங்களில் முன்கூட்டியே சரி அடையாளம் இடப்பட்டிருக்கும். பெரும்பாலானோர் அதனை மாற்றுவதில்லை. சோம்பல் மட்டுமன்று, 'தெரிந்தவர்தாமே வைத்திருப்பார்' என்ற நம்பிக்கையும் அதற்குக் காரணம். இத்தகைய இயல்புகளை ஆராய்வது நடத்தைசார் பொருளியல். ரிச்சர்ட் தேலரும் காஸ் சன்ஸ்டீனும் 2008இல் வெளியிட்ட 'நட்ஜ்' என்னும் நூல் அதனை ஆட்சியாளரின் மேசைக்குக் கொண்டு சென்றது. முழங்கையால் மெல்ல இடித்து உணர்த்துவது என்பது அச்சொல்லின் பொருள். தடையும் தண்டனையும் இன்றி, தெரிவுகளை அடுக்கும் முறையினாலேயே மக்களை நல்வழிப்படுத்தலாம் என்பது அவர்களது வாதம். பிரித்தானிய அரசு 2010இல் இதற்கெனத் தனிக் குழுவொன்றையே அமைத்தது.

இவ்வாதம் உடலைத் தொடும் இடம் உறுப்புக் கொடை. எரிக் ஜான்சனும் டானியல் கோல்ட்ஸ்டீனும் 2003இல் வெளியிட்ட ஆய்வின்படி, விரும்புவோர் பதிவு செய்யவேண்டிய ஜேர்மனியில் இசைவு 12 விழுக்காடு. விரும்பாதோர் மட்டும் விலகவேண்டிய ஒஸ்திரியாவில் ஏறத்தாழ 100. இந்த இரண்டாவது முறைக்கு வேல்ஸ் 2015இலும் இங்கிலாந்து 2020இலும் மாறின. அங்கு மறுப்பைப் பதியாத வயதுவந்தோர், சில விதிவிலக்குகள் நீங்கலாக, இசைந்தவராகவே கருதப்படுவர்.

காத்திருப்போர் உயிரிழக்கையில், மறுக்க விரும்புவோர் ஒரு படிவம் நிரப்புவது பெரும் சுமையா என்பது ஆதரவாளரின் கேள்வி. நியாயமானதே. ஆயினும் 2018இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதி, மௌனமும் முன்கூட்டி அடையாளமிட்ட கட்டமும் ஒப்புதல் ஆகா என்கிறது. ஒன்றியத்தை விட்டு நீங்கிய பின்னரும் பிரித்தானியா அவ்விதியைக் கைவிடவில்லை. விளம்பர மின்னஞ்சலுக்குப் போதாத மௌனம் சிறுநீரகத்துக்குப் போதுமோ?

வியப்பு யாதெனில், தேலரும் சன்ஸ்டீனுமே இம்முறையை ஆதரிக்கவில்லை. ஓட்டுநர் உரிமம் பெறும் வேளை போன்ற தருணங்களில் நேரடியாகக் கேட்டுவிடுவதே மேல் என்று தம் நூலின் 2021ஆம் ஆண்டுப் பதிப்பில் தெளிவுபடுத்தினர். கருதப்படும் இசைவை 1979இலேயே சட்டமாக்கிய ஸ்பெயினிலும் குடும்பத்தினரைக் கேட்காமல் உறுப்பு எடுப்பதில்லை. அந்நாட்டின் வெற்றிக்குக் காரணம் சட்டமன்று, மருத்துவமனைகளில் பயிற்சி பெற்ற ஒருங்கிணைப்பாளர்களே என்று அத்திட்டத்தை வழிநடத்திய ரஃபேல் மத்தேசான்ஸ் கூறிவந்தார்.

இங்கிலாந்திலும் இறுதிச் சொல் நடைமுறையில் உறவினருடையதே. புதிய சட்டத்துக்குப் பின் அவர்களது இசைவு உயரவில்லை. தெற்காசியரிடையே சிறுநீரகத்துக்குக் காத்திருப்போர் மிகுதி, கொடையாளர் குறைவு. குருதியும் இழையமும் பொருந்தும் வாய்ப்போ சொந்த இனத்தாரிடையே கூடுதல்.

சாவைப் பற்றிப் பேசுவதே அபசகுனம் எனக் கருதும் தமிழ் இல்லத்தில், தந்தை தம் விருப்பத்தைச் சொல்லியிருக்க மாட்டார். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில், தாய்க்கு மொழிபெயர்த்தபடி நிற்கும் மகளிடமோ மகனிடமோதான் தாதி கேட்பார்: "அப்பா என்ன விரும்பினார்?"