முதலில் கரையேறியவர் யார்?



இலங்கையின் வடமேற்குக் கரையிலுள்ள உடப்பில் கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு பக்கமும் வரிசையாக நின்று, அம்பா என்ற தொழிற்பாட்டைப் பாடியபடி கயிற்றை வாங்குவார்கள். முதலில் வருவது கயிறு. மீன் கிடக்கும் மடி கடைசியில்தான் கரை சேரும். குடும்பத்தின் மூத்த பாட்டனைத் தேடுவதும் இப்படித்தான். கையில் அகப்பட்ட நுனியிலிருந்து இழுத்து வரவேண்டும்.

தங்கள் முன்னோர் இராமேஸ்வரப் பக்கத்திலிருந்து கடல் கடந்து வந்தவர்கள் என்று உடப்பு மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். அதே கரையிலுள்ள கற்பிட்டியில் கீழக்கரை, காயல்பட்டினத்துச் சொந்தம் சொல்லும் குடும்பங்கள் உண்டு. இந்த வாய்மொழிதான் நமக்கு நுனி. ஆனால் வாய்மொழியில் ஆண்டு தங்காது. மூன்று பாட்டன்மார் ஒருவராகிப் போவதும் உண்டு. அதனால் எழுத்தோடு ஒத்துப் பார்க்க வேண்டும்.

வீட்டிலுள்ள பழைய காணி உறுதியை எடுங்கள். எல்லை சொல்லும் வரிகளை நிறுத்தி வாசியுங்கள். ‘வடக்கே இன்னாரின் காணி’ என்ற இடத்தில் மறந்துபோன ஒரு சித்தப்பா இருப்பார். சாட்சிக் கையெழுத்தில் ஒரு மாமன் இருப்பார். சீதன உறுதியைக் கட்டாயம் பாருங்கள். வம்சாவளியில் விடுபட்டுப்போகும் பெண்களின் பெயர் அதில்தான் நிற்கும். கத்தோலிக்கர்களுக்குக் கோயிலின் ஞானஸ்நானப் புத்தகம் பெரிய துணை. தாய் தகப்பன் பெயரோடு ஞானப்பெற்றோர் பெயரும் அதில் கிடைக்கும்.

இந்தத் தேடலுக்கு நம் கரையிலேயே ஒரு முன்னோடி இருக்கிறார். 1807இல் கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டி, தமது 27ஆவது வயதில், 1834இல், ‘சிலோன் கசற்றியர்’ என்ற ஆங்கில நூலை வெளியிட்டார். இலங்கையின் ஊர்களையும் குடிகளையும் அகரவரிசையில் தந்த நூல் அது. பரவர் குலத்தின் தோற்றம் பற்றியும் எழுதினார். தமிழ்ப் புலவர்களின் வரலாற்றை 1859இல் ‘தமிழ் புளூட்டாக்’ என்ற நூலாக்கினார். பேச்சில் கிடந்ததை ஏட்டில் ஏற்றிய அந்தக் கை, நம் ஒவ்வொரு வீட்டுக்கும் தேவை.

நேயர்களே, இன்றிரவே வீட்டில் மூத்தவர் பக்கத்தில் உட்காருங்கள். “அம்மம்மா, உங்கட அம்மம்மாவின்ர பேர் என்ன? அவ எந்த ஊர்?” என்று கேளுங்கள். சொன்னதை எழுதி, சொன்னவர் பெயரையும் திகதியையும் கீழே குறித்து வையுங்கள். நாளைக்கு உங்கள் பேரப்பிள்ளை பிடித்து இழுக்க அந்தக் கயிறு வேண்டும்.