வட்ட அடி தட்டையாக வர ஆறு கணக்கு

(பூந்தமல்லியில் குழு உறுப்பினர்களுக்கான குரோஷா பயிற்சியில் பேசியது)



ஆவடி, அம்பத்தூர், திருவேற்காடு என்று பல பக்கத்திலிருந்தும் வீட்டு வேலையை முடித்துவிட்டு பஸ் பிடித்து வந்திருக்கிறீர்கள். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறோம்.

பை, கூடை, தொப்பி, டீப்பாய் விரிப்பு, எதைப் போட்டாலும் வட்ட அடியில்தான் ஆரம்பிக்கிறோம். கண்காட்சியிலோ கல்லூரிச் சந்தையிலோ வாங்க வருகிறவர் என்ன செய்கிறார்? பையைக் கையில் எடுத்து மேசையில் நிற்க வைத்துப் பார்க்கிறார். சாய்ந்தால் கீழே வைத்துவிட்டு அடுத்த ஸ்டாலுக்குப் போய்விடுகிறார். பக்கத்தில் எவ்வளவு அழகாகப் பூ போட்டிருந்தாலும் பிரயோஜனம் இல்லை. சரி பண்ணலாம் என்றால் மேலிருந்து அடி வரைக்கும் பிரிக்கணும். நாலு நாள் உழைப்பு நூல் உருண்டையாகிவிடும்.

சிலர் இதைக் கைராசி என்பார்கள். கணக்குதான் அம்மா. புள்ளி எண்ணிக் கோலம் போடுகிற நமக்கு இது பெரிய விஷயமே இல்லை.

விரலில் நூலைச் சுற்றி வளையம் பண்ணி, அதில் ஆறு சிங்கிள் குரோஷா போடுங்கள். நுனி நூலை இழுத்தால் நடு ஓட்டை மூடிக்கொள்ளும். இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு கண்ணியிலும் ரெண்டு ரெண்டு, மொத்தம் 12. மூன்றாம் சுற்றில் ஒன்று விட்டு ஒன்றில் ரெண்டு, 18. நாலாவதில் 24, ஐந்தாவதில் 30. எந்தச் சுற்றாக இருந்தாலும் ஆறுதான் கூடணும். பத்தாவது சுற்று முடியும்போது 60 இருக்கணும்.

ஏன் ஆறு? சிங்கிளில் கண்ணியின் உயரமும் அகலமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு சுற்று போட்டால் வட்டம் ஒரு கண்ணி உயரத்துக்கு வெளியே போகிறது. வீட்டில் ஹைஸ்கூல் படிக்கிற பிள்ளையைக் கேளுங்கள், ஆரம் 1 கூடினால் சுற்றளவு 6.28 கூடும் என்று சொல்லும். அந்த ஆறுதான் இது. மிச்சத்துக்கு நூல் நெகிழ்ந்து கொடுத்துவிடும். டபுள் குரோஷா உயரமானது, அதற்கு 12ல் ஆரம்பித்துச் சுற்றுக்கு 12 கூட்டணும். நடுத்தரமான ஆஃப் டபுளுக்கு 8.

ஒரு எச்சரிக்கை. செல்போனில் வீடியோ பார்த்துப் போடுகிறவர்கள் கவனியுங்கள். அமெரிக்காக்காரர் சிங்கிள் என்று சொல்வதை இங்கிலாந்துக்காரர் டபுள் என்கிறார். பேரை நம்பாதீர்கள், கையைப் பாருங்கள். ஊசியைக் கண்ணியில் விட்டு நூலை இழுத்து, ஊசியில் இருக்கும் ரெண்டு வளையத்தையும் ஒரே தடவையில் இழுத்தால் அதுதான் நம்ம சிங்கிள்.

மூன்று சுற்று ஆனதும் தரையில் வைத்துப் பாருங்கள். கிண்ணம் மாதிரி குழிந்தால் கூட்டல் விட்டுப்போயிருக்கும், அல்லது நூலை ரொம்ப இறுக்கியிருப்பீர்கள். பாவாடைக் கொசுவம் மாதிரி அலை அடித்தால் கூட்டல் அதிகம். (அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டைனா தைமினா என்ற கணித ஆசிரியை 1997ல் வேண்டுமென்றே இப்படி அலை அலையாக குரோஷா போட்டு மாணவர்களுக்கு வடிவக்கணிதம் நடத்தினார். நம்ம பைக்கு அது ஆகாது.) ஒவ்வொரு சுற்றின் முதல் கண்ணியிலும் வேறு நிற நூல் ஒன்றைச் செருகி வையுங்கள், எண்ணிக்கை தப்பாது. கூட்டலை எப்போதும் ஒரே இடத்தில் போட்டால் வட்டம் அறுகோணமாகிவிடும். சுற்றுக்குச் சுற்று கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். அடி போதுமான அளவு வந்ததும் கூட்டலை நிறுத்தி, ஒரு சுற்று மட்டும் கண்ணியின் பின்பக்க இழையில் போட்டால் ஓரம் மடிந்து, பக்கம் நேராக எழும்பும்.

குழுவாக ஆர்டர் எடுத்தால் இன்னொன்றும் பார்க்கணும். ஐந்து பேர் ஐந்து வீட்டில் போடுகிறோம். எல்லோரும் 20 சுற்று, 120 கண்ணி என்று முடிவு செய்து, ஒரு மாதிரி அடியை அளந்து வைத்துக்கொள்வோம். ஒருத்தருக்குப் பெரிதாக வந்தால் அவருக்கு மெல்லிய ஊசி, சின்னதாக வந்தால் தடித்த ஊசி. கண்ணி எண்ணிக்கையை மாற்ற வேண்டாம். 2016 ஜனவரியில் நம்ம சென்னையில் 'மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்' பெண்கள் 11,148.5 சதுர மீட்டர் போர்வை செய்து கின்னஸ் சாதனை படைத்தார்கள். பல ஊர்ப் பெண்கள் தனித்தனியாகப் போட்ட துண்டுகளைச் சேர்த்ததுதான் அது. அளவு சேராமல் அது நடக்குமா?

இனி காசு விஷயம். ஆந்திராவில் நர்சாபூர் குரோஷா லேஸ் பேர்போனது, 2024ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் அங்கே லேஸ் போட்ட பெண்களைப் பற்றி மரியா மீஸ் என்ற ஜெர்மன் அறிஞர் 1982ல் எழுதிய புத்தகத்தில் என்ன இருக்கிறது தெரியுமா? வெளிநாட்டுக்குப் போகிற சரக்கை நாள் முழுக்கப் போட்டும், 'வீட்டில் இருக்கிற பெண், ஓய்வு நேரத்தில் செய்கிறாள்' என்று சொல்லி அற்பக் கூலிதான் கொடுத்தார்கள். லாபம் வியாபாரிகளுக்குப் போனது.

நம்ம குழுவுக்குள்ளேயே அந்த மாதிரி வராமல் பார்த்துக்கணும். ஒருத்தர் பத்து சுற்று போட்டுக் கொடுக்கிறார், இன்னொருத்தர் மிச்சம் பத்து சுற்றை முடிக்கிறார். பாதிப் பாதி கூலி என்று பிரித்தால் சரியா? முதல் பத்து சுற்றில் மொத்தம் 330 கண்ணி. அடுத்த பத்து சுற்றில் 930. மொத்தம் 1,260ல் முதல் ஆள் செய்தது நாலில் ஒரு பங்கு சொச்சம்தான். அதனால் கூலியைச் சுற்றுக் கணக்கில் பிரிக்காமல் கண்ணிக் கணக்கில் பிரிக்கச் சொல்கிறோம். 100 கண்ணி போட எத்தனை நிமிஷம் ஆகிறது என்று கடிகாரம் பார்த்து நோட்டில் எழுதுங்கள். நூல் விலை, ஊசி, பஸ் சார்ஜ் சேர்த்த பிறகுதான் பைக்கு விலை சொல்லணும். அந்த நோட்டை மாதக் கூட்டத்தில் தீர்மானப் புத்தகத்தோடு சேர்த்து எல்லோர் முன்னாலும் படியுங்கள்.

இப்போது ரெண்டு ரெண்டு பேராக உட்காருங்கள். ஒருத்தர் போடட்டும், ஒருத்தர் எண்ணட்டும். ஐந்து சுற்று, 30 கண்ணி. சாப்பாட்டுக்கு முன்னால் அடிகளைத் தரையில் பரப்பிப் பார்ப்போம்.