வெள்ளிக் கப்பலும் கொள்ளை மூலதனமும்

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட அரசியல் வகுப்பில் நிகழ்த்திய சொற்பொழிவு)

தோழர்களே!

"நான் முதல் போட்டேன், நீ கூலிக்கு வந்தாய்" என்கிறார் முதலாளி. அந்த முதல் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், முன்னோர்கள் வயிற்றைக் கட்டி, வாயைக் கட்டிச் சேர்த்தது என்று கதை சொல்கிறார்கள். முதலாளித்துவத்தின் தாய்வீடான இங்கிலாந்தில் முதல் சேர்ந்த விதத்திற்கு ஒரு கப்பலின் சரித்திரத்தைச் சொல்கிறேன்.

1579-ம் ஆண்டு மார்ச் 1-ந் தேதி. தென் அமெரிக்காவின் மேற்குக் கரையில், இன்றைய ஈக்வடார் நாட்டுக்கு அருகே, ஸ்பெயின் நாட்டுக் கப்பல் ஒன்று பனாமாவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அதன் வயிறு நிறையப் பெரு நாட்டு வெள்ளி. அந்தக் கடலில் பகைவன் வருவான் என்று ஸ்பானியர் கனவிலும் நினைக்கவில்லை.

பின்னால் வந்தவன் ஆங்கிலேயன் பிரான்சிஸ் டிரேக். அவன் கப்பல் 'கோல்டன் ஹிண்ட்'. வேகமாகப் போனால் சந்தேகம் வருமென்று, பாய்களை விரித்தபடியே, கனமான பொருட்களைக் கயிற்றில் கட்டி நீரில் இழுபடவிட்டு மெதுவாக வந்தான். இருட்டியதும் நெருங்கினான். சரணடைய மறுத்ததும் பீரங்கி முழங்கியது. பின்பாய்மரம் முறிந்து விழுந்தது. கப்பல் பிடிபட்டது.

கிடைத்தது என்ன? 26 டன் வெள்ளி, 80 பவுண்டு எடையுள்ள தங்கம், 13 பெட்டி வெள்ளி நாணயம். சரக்கை மாற்றவே பல நாட்கள் பிடித்தன. பறிகொடுத்த கப்பல் தலைவனுக்கு டிரேக் விருந்து வைத்தான். பரிசும் கொடுத்து அனுப்பினான்!

வெள்ளியை வெட்டியவன் யார்?

தோழர்களே! இந்த மரியாதை ஸ்பானியத் தலைவனுக்குக் கிடைத்தது. வெள்ளியை வெட்டியவனுக்கு என்ன கிடைத்தது? பெரு வெள்ளியின் தலையாய சுரங்கம் பொட்டோசி மலை. இன்று பொலிவியாவில் இருக்கிறது. 1570-களில் ஸ்பானிய ராஜப்பிரதிநிதி டொலேடோ அங்கே கட்டாய உழைப்பை முறைப்படுத்தினான். சுற்றுவட்டார மாகாணங்களில் ஏழு ஆண்களுக்கு ஒருவர் வீதம், ஆண்டுக்குச் சுமார் 13,500 செவ்விந்தியர்கள் சுரங்கத்துக்கு ஓட்டிச் செல்லப்பட்டார்கள். கட்டைவிரலில் மெழுகுவர்த்தியைக் கட்டிக்கொண்டு, முதுகில் தாதுக்கல்லைச் சுமந்து, பாதாளத்திலிருந்து ஏணியில் ஏறினார்கள். கிடைத்த கூலி சாப்பாட்டுக்கே போதவில்லை. எத்தனையோ பேர் ஊர் திரும்பவில்லை.

ஆகவே ஸ்பெயின் ஒரு கொள்ளைக்காரன்; டிரேக் இன்னொரு கொள்ளைக்காரன். இந்த டிரேக் 1560-களில் ஹாக்கின்ஸ் என்பவனுடன் சேர்ந்து ஆப்பிரிக்க மக்களைப் பிடித்து விற்கப் போனவன்தான்!

கொள்ளையின் பங்குதாரர்கள்

இங்கிலாந்துக்கும் ஸ்பெயினுக்கும் அப்போது போர் தொடங்கவில்லை. அது 1585-ல் வந்தது. ஆனால் டிரேக்கின் பயணத்துக்குப் பணம் போட்டவர்கள் அரசவைப் பிரபுக்கள். எலிசபெத் அரசியின் ஆசியும் அதற்கு இருந்தது. 1580 செப்டம்பரில் அவன் பிளிமத் துறைமுகம் திரும்பினான். ஒரு பவுன் போட்டவருக்கு 47 பவுன் கிடைத்தது என்று சொல்லப்படுகிறது. 1581-ல் அந்தக் கப்பல் தளத்திலேயே அவனுக்குச் 'சர்' பட்டம்! பசிக்குத் திருடியவனைத் தூக்கில் போட்ட அதே இங்கிலாந்தில்தான் இது நடந்தது.

பணம் பிறகு எங்கே போனது? கெயின்ஸ் என்ற ஆங்கிலப் பொருளாதார நிபுணர், கம்யூனிஸ்ட் அல்லாதவர், 1930-ல் எழுதினார்: அரசி தன் வெளிநாட்டுக் கடனைத் தீர்த்தாள், மிச்சத்தில் சுமார் 42,000 பவுனை லெவன்ட் கம்பெனியில் போட்டாள், அதன் லாபத்திலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி எழுந்தது. அந்தக் கம்பெனி 1600-ல் பிறந்தது. 1639-ல், மலிவான துணியைத் தேடி, சென்னையில் இடம் பிடித்தது. அதன் பிறகு நம் நெசவாளியும் உழவனும் பட்ட பாடு நீங்கள் அறிந்ததே.

மார்க்ஸ் 1867-ல் வெளியிட்ட 'மூலதனம்' நூலில் இதைத்தான் விளக்கினார். சுரங்க அடிமைத்தனமும் ஆள் வியாபாரமும் காலனிக் கொள்ளையும் முதலாளித்துவத்தின் பிறப்புச் சரித்திரம். சிக்கனக் கதை குழந்தைகளை ஏமாற்றுவதற்கு உதவும். நம்மை ஏமாற்ற உதவாது.

டிரேக்கின் பெயர் புத்தகங்களில் இருக்கிறது. தாதுக்கல் சுமந்தவனின் பெயர் இல்லை. அவன் நம் வர்க்கத்தைச் சேர்ந்தவன், தோழர்களே. கூலி உயர்வு கேட்கும்போது நாம் யாரிடமும் பிச்சை கேட்கவில்லை. நம் உழைப்பில் விளைந்ததில் நமக்குரிய பங்கைக் கேட்கிறோம். இதை ஆலை வாசலிலும் வயல் வரப்பிலும் எடுத்துச் சொல்லுங்கள்!