மாணிக்கத் தீவின் பெண்பிள்ளைகள்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

வைத்தியர்களை மேடையில் ஏற்றினால் சீனி வருத்தம் பற்றித்தான் பேசுவோம் என்று நினைப்பீர்கள். இன்று ஒரு கல்லைப் பற்றிப் பேசப்போகிறோம்: இலங்கை அரசர்களின் மாணிக்கம்.

6ஆம் நூற்றாண்டில் கொஸ்மாஸ் என்ற கிரேக்க எழுத்தாளர், இத்தீவின் கோயில் ஒன்றில் நெருப்புப்போல் சிவந்த பெருங்கல் ஒன்று வெயிலில் வெகுதூரம் ஒளி வீசியதாக எழுதினார். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ, அரசரிடமிருந்த மாணிக்கம் உள்ளங்கை நீளம், மனிதனின் கைத் தடிப்பு என்றார். குப்ளாய் கான் ஒரு நகரத்தின் பெறுமதியையே விலையாகச் சொல்லித் தூதனுப்பினாராம். முன்னோரின் சொத்து, எந்த விலைக்கும் கொடுப்பதில்லை என்று அரசர் மறுத்துவிட்டாராம். 1344இல் புத்தளத்தில் இறங்கிய இப்னு பதூதா, ஆரியச் சக்கரவர்த்தியிடம் உள்ளங்கை அளவான மாணிக்கக் கிண்ணத்தில் அகில் தைலம் இருக்கக் கண்டார்.

அந்தக் கற்களைக் காட்ட இன்று எவரும் இல்லை. கதைகள்தான் மிஞ்சின. நாகம் மாணிக்கம் கக்கும் என்றார்கள் உம்மம்மாமார். அது இரத்தப்போக்கை நிறுத்தும் என்று நம்பியவர்களும் இருந்தார்கள். உண்மையில் மாணிக்கமும் நீலக்கல்லும் ஒரே கனிமம். சிறிதளவு குரோமியம் கலந்தால் சிவப்பு. நம் இரத்தத்தின் சிவப்புக்கு வேண்டியது இரும்பு. அதனால்தான் கிளினிக்கில் கர்ப்பிணிகளுக்கு நாங்கள் இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறோம். ஆனாலும் மாணிக்கம் மருத்துவத்துக்குள் வந்துதான் விட்டது. 1960இல் உருவான முதல் லேசர் செயற்கை மாணிக்கத்தில் இயங்கியது. அடுத்த ஆண்டே அதனால் விழித்திரைக்குச் சிகிச்சை செய்தார்கள்.

அரபிகள் இத்தீவை ‘ஜஸீரத்துல் யாகூத்’, மாணிக்கத் தீவு, என்றார்கள். 9ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் பலாதுரி, இங்குள்ள பெண்களின் முக அழகால்தான் அந்தப் பெயர் வந்தது என்கிறார். சந்தோஷப்பட அவசரப்படாதீர்கள். அதே இடத்தில் இன்னொன்றும் எழுதுகிறார். இங்கே மௌத்தான முஸ்லிம் வணிகர்களின் பெண்பிள்ளைகளை, ஈராக்கின் ஆளுநர் ஹஜ்ஜாஜிடம் அரசர் கப்பலில் அனுப்பினார். தேபல் அருகே கடற்கொள்ளையர் கப்பலைப் பிடித்தார்கள். ஒருத்தி ஹஜ்ஜாஜை அழைத்துக் கதறினாள். அதன் தொடர்ச்சியாக முஹம்மத் பின் காசிமின் படை 711–712இல் சிந்துவுக்குள் நுழைந்தது.

தளபதியின் பெயர் இருக்கிறது. கதறியவளின் கோத்திரம் யர்பூஃ என்றும் இருக்கிறது. அவளுடைய பெயர் இல்லை. கூட இருந்த பிள்ளைகளின் பெயரும் இல்லை. கல்லுக்கு நீளமும் தடிப்பும் எழுதிவைத்த உலகம் இது.

நம் கரையில் குடி தாய்வழி வருகிறது. வீடு மகளுக்குப் போகிறது. ஆனால் பெயர்? எட்டாம் வகுப்போடு நின்று, கல்யாணம் முடித்து, ‘இன்னாருடைய மனைவி’ ஆகிப்போன எத்தனை பேர் நம்மோடு படித்தார்கள்? 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது, கல்முனையிலும் மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் வீடுகளோடு சான்றிதழ்களும் படங்களும் போயின.

அதனால் சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். இந்த மலரோடு நிற்காமல் ஒரு பெயர்ப் புத்தகம் தொடங்குவோம். பட்டம் பெற்றவர்களுக்கு மட்டுமல்ல, ஒரு தவணை மட்டும் படித்தவளுக்கும் அதில் இடம் வேண்டும். ஒவ்வொருவரும் தன் பெயர், உம்மாவின் பெயர், பக்கத்தில் ஒரே வாங்கில் இருந்தவளின் பெயர், மூன்றையும் எழுதி அனுப்புங்கள். மௌத்தானவர்களை முதலில் எழுதுங்கள். அவர்களுக்காக எழுத நம்மை விட்டால் ஆளில்லை.